சரளை மேட்டுக்குப் போன கொடி

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் மேகங்களும் மனிதரோடு பேசும். திராட்சைக் கொடி அப்போது மேற்கு மலைக்குக் கீழே, ஆற்றங்கரை வண்டல் மண்ணில் இருந்தது. காலடியிலேயே தண்ணீர். மேகம் அதற்குச் சிநேகிதி. நினைத்தபோதெல்லாம் மலையைத் தாண்டி வந்து கொட்டிவிட்டுப் போகும். கொடி மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்தது. பழமும் பெரிதாகத்தான் காய்த்தது. வாயில் போட்டால் வெறும் தண்ணீர். ஜனங்கள் அதை நிழலுக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

அந்தக் கரையில் மாயக்காளும் அவள் புருஷன் மொக்கையனும் குடிசை போட்டிருந்தார்கள். வெகுகாலம் தவமிருந்து பெற்ற ஒரே மகள் செவனம்மாள். மாயக்காள் நாற்று நடப் போகும்போது மகளைக் கொடியின் நிழலில் விட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவாள். கொடியும் அவளை ஊஞ்சலாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டது.

ஓர் ஆடி மாதம் மலைமேல் மழை விடாமல் பெய்தது. ஆறு சத்தமில்லாமல் ஏறிவந்து கரையை வாரிக்கொண்டது. செவனம்மாள் கொடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வயலிலிருந்து ஓடிவந்த மொக்கையன் வெள்ளத்தில் இறங்கி அவளை நோக்கி நீந்தினான். கொடி இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தால் அவளை எட்டியிருப்பான். அதற்குள் கொடி வேரோடு கழன்றுகொண்டது.

வெள்ளம் வடிந்தபின் மகளைக் கண்டெடுத்துப் புதைத்தார்கள். மணலில் ஒதுங்கிக் கிடந்த கொடியைக் கொளுத்திவிட வேண்டும் என்றார்கள் ஊரார். மாயக்காள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன் வேர் எவ்வளவு ஆழம் போயிருந்துச்சு?"

"ஒரு சாண் இருக்கும், தாயி."

"இத்தனை வருஷமாவா?"

"தண்ணி மேலேயே கிடந்துச்சு. கீழே போகணும்னு எனக்குத் தோணவே இல்லை."

மாயக்காள் அதைச் சபிக்கவில்லை. அதைத்தான் கொடியால் தாங்க முடியவில்லை. மலையடிவாரத்தில் புல்லும் முளைக்காத சரளை மேடு ஒன்று இருந்தது. தன்னை அங்கே கொண்டுபோய் நட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியது. மொக்கையன் அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். மாயக்காளே இழுத்துக்கொண்டு போனாள். கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து நட்டாள்.

சங்கதி தெரிந்து மேகம் மலையேறி வந்தது. அது கொட்டுவதற்கு முன்பே கொடி தடுத்தது.

"இனிமே இந்தப் பக்கம் வராதே. உன் சுமையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிடு."

"செத்துப்போவியே" என்றது மேகம்.

"வேர் ஆழமாப் போகலேன்னா, செத்துத்தான் போகணும்."

மேகம் மனம் நொந்து திரும்பிப் போனது. பிறகு அந்த மேட்டுக்கு மலைக்காற்றும் எப்போதாவது ஒரு தூறலும்தான் வந்தன. பகல் வெயில் இலைகளைக் கருக்கியது. இரவில் மலைக்குளிர் இறங்கியது. கொடியின் வேர் தண்ணீரைத் தேடிக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நுழைந்து கீழே கீழே போனது. மேலே கொஞ்சம் தளதளத்தாலும் அது மாயக்காளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லும். அவள் அரிவாளை எடுத்துப் போவாள். வெட்டிய இடத்தில் நீர் துளிர்த்துச் சொட்டும்.

வெகுகாலம் கழித்து அது காய்த்தது. சிறிய, கருத்த பழம். மாயக்காள் ஒன்றை வாயிலிட்டாள். அப்படி ஓர் இனிப்பை அவள் அறிந்ததேயில்லை. மகள் போனபின் அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அதுவரை கொடியை ஏறிட்டும் பார்க்காத மொக்கையன் ஒரு குலையைப் பறித்துக்கொண்டுபோய் மகளின் மண்மேட்டில் வைத்தான்.

அதற்குப் பிறகுதான் திராட்சை, மலை மழையை மறிக்கும் இடத்தில், சரளை மண்ணில் இனிக்கத் தொடங்கியது. வண்டலில் வைத்தால் இலையாகவே பெருகும். பழுக்கும் நேரத்தில் மழை பட்டால் பழம் வெடித்து அழுகும். இன்றைக்கும் கிளை கழிக்கும் கவாத்துக்கு வெட்டினால் வெட்டுவாயில் நீர் சொட்டும். வெட்டுகிறவர்கள் அதைத் துடைப்பதில்லை. அது நிற்கும்வரை விட்டுவிடுகிறார்கள்.