கல்லின் சிறப்புரை

கரிசல்கோட்டை ராஜா சூரப்ப பூபதிக்குக் கல்லென்றால் உயிர். வைரம், வைடூரியம் இல்லை ஐயா, வெறுங்கல்! பாதையில் கிடக்கிற சரளையைக்கூடப் பொறுக்கி, பட்டுத்துணியில் துடைத்து, "ஆகா, என்ன வரி, என்ன நிறம்!" என்று உருகுவார். வேட்டைக்குப் போனால் மான் தப்பிவிடும், மூட்டை மூட்டையாகக் கல் வந்து சேரும். இந்தப் பித்து முற்றித்தான் 'கற்சபை' என்று ஒன்றைத் தொடங்கினார்.

பௌர்ணமிதோறும் காலையில் சபை கூடும். வெளியூர் விருந்தாளி ஒருவர் வந்து கல்லைப் பற்றி உரை நிகழ்த்துவார். உரை முடிந்ததும் சுண்டல். பாதிப் பேர் சுண்டலுக்காகத்தான் வந்தார்கள், பொய் சொல்வானேன்? சபைக்கு ஒரே விதி. அதை ராஜா கல்லிலேயே வெட்டிச் சபைச் சுவரில் பதித்து வைத்திருந்தார்: 'விருந்தாளி ஆசனத்தில் இருப்பவர் கேட்டதைக் கொடுக்க வேண்டும். சொன்னதைச் சந்தேகிக்கக் கூடாது.'

ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் சம்பளம் வாங்கியவர் மாசிலாமணி. சபையில் அவருக்கு நாலாவது தூணின் மறைவு. உரை ஆரம்பித்ததும் கண்ணை மூடுவார், சுண்டல் வாசனைதான் எழுப்பும். ஆனால் அந்தப் பௌர்ணமியில் பாதியிலேயே விழித்துக்கொண்டார். அவருடைய ஊர் மலையின் பேர் காதில் விழுந்தது.

"ஆனைப்பாறையின் வயிறு முழுக்கத் தங்கம்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார் விருந்தாளி வைரமுடி. கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, மஞ்சளாக மின்னியது. அதை ராஜாவுக்கே காணிக்கையாகக் கொடுத்தார். அவரை அழைத்து வந்தவர் சபைத் தலைவர் பலவேசம்.

"மலையை உடைக்க என் மச்சான் ஆளும் உளியுமா தயாரா நிக்கான், மகராசா!" என்றார் பலவேசம்.

மாசிலாமணி தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். ஆனைப்பாறைச் சுனைத் தண்ணீரில்தான் அவர் ஊர் வயலெல்லாம் விளைகிறது. மலை போனால் சுனை போச்சு, சுனை போனால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"மகராசா, அந்தக் கட்டியைக் கொஞ்சம் சோதிச்சுப் பார்த்துட்டு..." என்று எழுந்தார்.

"விருந்தாளியைச் சந்தேகிக்கிறீரா?" பலவேசம் பாய்ந்தார். "விதியைப் படிச்சீரா? எங்கே படிக்க, நீர்தான் தூணுக்குப் பின்னால குறட்டை விடுறீரே!"

சபை சிரித்தது. மாசிலாமணி சிரிக்கவில்லை. "மனுஷன் உரைச்சதை நம்பி மலையை உடைக்கலாமா, மகராசா? கல்லே உரைச்சா நம்பலாம்."

ராஜாவுக்குக் கோபம். "அப்படியா? அடுத்த பௌர்ணமிக்கு விருந்தாளியைக் கூட்டிவர்றது உம்ம பொறுப்பு. கல்லே வந்து உரைக்கட்டும்! உரைக்கலைன்னா மறுநாள் மலையில உளி விழும். முதல் கல்லை நீர்தான் சுமக்கணும்!"

கல்லாவது உரைப்பதாவது! பலவேசத்துக்கு உச்சி குளிர்ந்தது. மச்சானுக்கு அன்றைக்கே சேதி போனது.

அடுத்த பௌர்ணமியும் வந்தது. மேளம் கொட்டி ஒரு பல்லக்கு உள்ளே நுழைந்தது. அதிலிருந்து பட்டுப் பொட்டலம் ஒன்றை மாசிலாமணி பூப்போல எடுத்து, விருந்தாளி ஆசனத்தில் இருத்தி, மாலை போட்டார்.

"சபையோரே! இன்றைய விருந்தாளி ஆத்துப்படுகையில் பிறந்தவர். நல்ல கறுப்பு. பொய் பேசி அறியாதவர். சுண்டலில் பங்கு கேட்க மாட்டார்."

பட்டை விலக்கினார். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புக் கல்.

"உரைக்கச் சொல்லும்!" என்றார் ராஜா.

"உரைக்கிறதுக்கு முன்னாடி விருந்தாளி ரெண்டு பொருள் கேட்கிறார். மகராசாவோட மோதிரம் ஒண்ணு. வைரமுடி கொடுத்த கட்டி ஒண்ணு."

பலவேசத்தின் முகம் வெளுத்தது. "கொடுக்காதீங்க, மகராசா!"

"விருந்தாளி கேட்டதைக் கொடுக்கணும்" என்று மாசிலாமணி பணிவாகச் சுவரிலிருந்த விதியைக் காட்டினார்.

ராஜா கொடுத்தார். அரண்மனைப் பொற்கொல்லர் கோலப்ப பத்தர் முன்னால் வந்தார். மோதிரத்தைக் கல்லில் ஒரு இழு. தங்கக் கோடு விழுந்தது. கட்டியை ஒரு இழு. கோடே இல்லை. கரித்தூள் மாதிரி ஏதோ உதிர்ந்தது.

பத்தர் ஊதிப் பார்த்தார். "இது பொன்னே இல்லை, மகராசா. மினுக்குக் கல்லு."

"மோசம்!" பலவேசம் குதித்தார். "இது வெறும் உரைகல்! தட்டான் கடைக் கல்லு! இதையெல்லாம் நம்புறதா?"

"விருந்தாளியைச் சந்தேகிக்கிறீரா?" என்றார் மாசிலாமணி.

"உரசுறதுக்குப் பேரு உரையா? போன பௌர்ணமிக்கு வைரமுடி அரை நாள் நிகழ்த்தினாரே, அதுவல்லவா உரை!"

"பொன்னை உரைச்சுப் பார்க்கிறதுன்னுதானே பத்தரும் சொல்லுவார்? இந்தக் கல்லு உரைச்சுது. உம்ம ஆளு அறுத்தாரு."

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. அரை நாள் அறுவையைப் பொறுத்துக்கொண்டிருந்த சபை முழுவதும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சத்தத்தில் வைரமுடி சுண்டல்கூட வாங்காமல் கொல்லைப்புறமாக ஓடியதை யாரும் கவனிக்கவில்லை.

"பலவேசம், நீர் போய் உம்ம மச்சானோட உளியைத் தீட்டும், போம்!" என்ற ராஜா, மாசிலாமணியை அருகில் அழைத்தார். "என்ன வேணும், கேளும்."

"ஆனைப்பாறையை யாரும் தொடக்கூடாது, மகராசா. அது போதும்."

"தொடமாட்டோம். கல்லுலயே வெட்டி வைக்கிறேன். அதோட, இன்னியிலேருந்து கற்சபைக்கு நீர்தான் தலைவர்!"

மாசிலாமணி பதறிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மலையை வேணும்னாலும் சுமக்கிறேன், மகராசா, அது மட்டும் வேண்டாம். தலைவர்னா முழிச்சிருக்கணுமே!"