ஊறுகாய் ஜாடியைத் தொடாத பெண்

பேச்சியம்மாளுக்கு மகள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வந்தால் லேசில் போகுமா? ஒன்பதாவது படிக்கும் முத்தரசி குளியலறைக்குள் போனால் வெளியே வருவதேயில்லை. பள்ளிக்கூடப் பையை அம்மா தொட்டால் பாய்ந்து பிடுங்குகிறாள். தோழியோடு ஓயாத குசுகுசுப்பு. அம்மா தலை தெரிந்ததும் கப்சிப். முகம் வேறு வெளிறிக் கிடக்கிறது. எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்றே அவள் பயந்தாள்.

காரணம் உண்டு. "முத்தரசி பெரியவளானா முதல் சேதி உனக்குத்தான். அன்னைக்கே தட்டு மாத்திக்குவோம்" என்று தம்பி கருத்தபாண்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தாய்மாமன் முறைதானே என்று மகள் காதுபடவே கொடுத்தாள். அங்கேதான் பிசகினாள்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்த ஊறுகா ஜாடிய எடுடி" என்றாள்.

"நீயே எடும்மா."

போன மாதமும் இதே பதில்! பேச்சியம்மாளின் கை அப்படியே நின்றது. தீட்டு நாளில் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். எல்லாவற்றையும் மறைத்தவளுக்கு அதை மட்டும் மீற மனம் வரவில்லை.

"எத்தன மாசமாடி?"

முத்தரசி உடைந்து அழுதாள். "சொன்னா மாமாவுக்குக் கட்டி வச்சிருவ. நான் படிக்கணும்மா." பள்ளியில்தான் ஆனதாம். யாரிடமும் சொல்லக் கூடாதென்று ஜெசிந்தா டீச்சரிடம் சத்தியம் வாங்கிவிட்டாளாம். டீச்சரும் நாப்கின் கொடுத்து, வாயை மூடிக்கொண்டார். உதிரப்போக்கு அதிகமாகி, பிள்ளை வகுப்பில் மயங்கி விழுந்தபோதும் மூடியே இருந்தார்.

மறுநாள் காலையில் கருத்தபாண்டி வந்து நின்றான். "என்னக்கா, புள்ள ஆளே மாறிட்டா போல? எங்கிட்ட எதையும் மறைக்கலையே?"

"சேச்சே, இன்னும் ஆகலடா" என்றாள் பேச்சியம்மாள், அவன் முகத்தைப் பார்க்காமலே. அவன் நம்பாமல்தான் போனான்.

பயந்து மறைத்தாள் மகள். சத்தியத்தைக் காத்தார் டீச்சர். வாக்கை மீறிப் பொய் சொன்னாள் தாய். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: மகளைக் குறை சொல்ல வாய் வராது, அவளைப் பயமுறுத்தி வைத்தது பெரியவர்கள். மயங்கி விழுந்த அன்றைக்காவது டீச்சர் வீடு தேடி வந்து தாயிடம் பேசியிருக்க வேண்டும். தாய் சொன்னதோ மாதாமாதம் சொல்ல வேண்டிய பொய். மகள் இன்னும் ஒளிந்தேதான் வாழ வேண்டும். பேச்சியம்மாளுக்கே அது உறைத்தது. சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டாள். "அவ பெரியவளாகி நாளாச்சு. வாக்குக் குடுத்தது நான், அவ இல்ல. பொண்ணு கிடையாது, அவ படிக்கட்டும். கோவத்த எம்மேல வச்சுக்க." செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான். தம்பி அப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. முத்தரசி பத்தாவது போய்விட்டாள்.