வாகீசன் கேட்ட வேகம்

குரு என்றால் தாடியும் தண்டமும் தேடுகிறவர்கள் இந்தக் கதையில் ஏமாந்து போவார்கள். இதில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் நவமணி. மதராஸில் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு மாடியறையில் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, தேடி வருகிறவர்களுக்கு ராக் சங்கீதம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சிஷ்யருக்குத்தான் தலை நரைத்துவிட்டது. அவர் வாகீசன். சபாக் கச்சேரிகளுக்கு விமர்சனம் எழுதியே பேர் வாங்கினவர். அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் வித்வான்கள் சுருதியை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொள்வார்கள்.

எண்பதுகள் தொடங்கியிருந்தன. அவர் எழுதிவந்த வாரப் பத்திரிகைக்குப் புதிதாக வந்த ஆசிரியர், “இனிமே ராக்கும் எழுதுங்க சார், காலேஜ் பிள்ளைங்க படிக்கணும்” என்று சொல்லிவிட்டார். வேறொருவராக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். வாகீசன் நேரே நவமணியிடம் போய் நின்றார்.

“எனக்கு இதுல அரிச்சுவடியே தெரியாது. கத்துக் குடுங்க, டீச்சர்.”

மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட அவர் கூச்சப்படவில்லை. நவமணிக்கு அது பிடித்துப்போயிற்று.

“கேக்கறப்போ எழுதாதீங்க. அது போதும், சார்” என்றாள்.

அந்த வருடம்தான் ‘கடைசி பஸ்’ வந்தது. நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து தமிழில் போட்ட நியூ வேவ் இசைத்தட்டு. நறுக்கு நறுக்கென்று கிடார், பொம்மைக்குச் சாவி கொடுத்ததுபோல டிரம்ஸ், நடுவில் வசுமதி என்ற பெண்ணின் குரல். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் அதை வறுத்து எடுத்துவிட்டார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்கள் பாடுகிறார்கள் என்று ஒருவர். மெல்லாமல் முழுங்குகிறார்கள் என்று இன்னொருவர். தட்டுகள் கடைகளில் தூசி குடித்துக்கொண்டு கிடந்தன.

அப்போதுதான் வாகீசனின் விமர்சனம் வந்தது. பக்கம் முழுக்கப் பாராட்டு. என்ன நிதானம், என்ன விளம்ப காலம் என்று உருகியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆழ்ந்த சாரீரம் என்றார். மூன்றாவது பாட்டான ‘ஜன்னல் சீட்டு’ பற்றி மட்டும் ஒரு பத்தி. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுகிற வேடிக்கைப் பாட்டு அது. ‘கேட்டால் சிரிப்பு வர வேண்டிய வரிகள். எனக்கோ, பாடுகிறவள் ஒவ்வொரு மூச்சிலும் ஓர் அழுகையை விழுங்குவது கேட்கிறது’ என்று எழுதியிருந்தார்.

படித்தவர்கள் விழுந்தடித்துக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். நிதானமாவது ஒன்றாவது என்று திட்டிக்கொண்டே கேட்டார்கள். திட்டினவர்களே அந்த அழுகையைத் தேடித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தட்டு தீர்ந்து, மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

ஒரு நாள் வசுமதியே வாகீசன் வீட்டுக்கு வந்தாள். ஒல்லியான பெண். குரல் கீச்சென்று இருந்தது. “தொண்டை கட்டியிருக்கா?” என்று கேட்டு வாகீசன் மிளகுப்பால் வரவழைத்தார்.

“எப்படி சார் தெரிஞ்சுது?” என்று கேட்டாள் அவள். “எங்கப்பா தவறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஸ்டுடியோ தேதியை மாத்த முடியல. நின்னா அழுதுடுவேன்னு வேகமா பாடிட்டு ஓடி வந்துட்டேன். பக்கத்துல டிரம்ஸ் வாசிச்சவனுக்கே தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்கு எப்படி சார் கேட்டுது?”

வாகீசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “எல்லாம் கேள்வி ஞானம்மா” என்றார்.

“சனிக்கிழமை கச்சேரி வச்சிருக்கோம். நீங்க மேடையேறி அதைச் சொல்லணும். ஒருத்தர் கேட்டுட்டார்னு தெரிஞ்சப்புறம்தான் என்னால வீட்டுல உக்காந்து அழ முடிஞ்சுது, சார்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகுப்பாலையும் குடித்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க வாகீசன் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் மவுண்ட் ரோடில் ஒரு இசைத்தட்டுக் கடையில் ‘கடைசி பஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். குரல் கீச்கீச்சென்று பறந்தது. வாகீசன் உள்ளே போய், தப்பைச் சுட்டிக்காட்டும் பெருமிதத்தோடு, “ஸ்பீடு தப்பா வச்சிருக்கீங்க” என்றார்.

கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: நாற்பத்தைந்து.

பெரிய தட்டென்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று தரம் சுற்றும், சின்னத் தட்டென்றால்தான் நாற்பத்தைந்து. வாகீசனுக்குத் தெரிந்த உலகம் அது. வித்வான்களின் பெரிய தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அவர் வீட்டு ரிக்கார்டு பிளேயரில் வேகம் மாற்றும் குமிழ் முப்பத்து மூன்றிலேயே இறுகிப்போயிருந்தது. இந்தப் பிள்ளைகளோ, சத்தம் கணீரென்று விழட்டும் என்று பெரிய தட்டை நாற்பத்தைந்தில் பதித்திருந்தார்கள். ஓடின பஸ்ஸை மனுஷர் மாட்டு வண்டியாக்கிக் கேட்டிருக்கிறார். அந்த ஆழ்ந்த சாரீரமும் விளம்ப காலமும் அவர் வீட்டுக் குமிழின் கைங்கரியம்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அங்கிருந்து நேரே புதுப்பேட்டைக்கு நடந்தார்.

நவமணி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாகீசன் நின்றபடியே நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“நான் எழுதறதை விட்டுடறேன், டீச்சர்.”

“சரி” என்றாள் நவமணி.

வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்த வாகீசன் கொஞ்சம் தடுமாறிப் போனார்.

“பத்திரிகை போகட்டும். ஊர் சிரிச்சாலும் சிரிக்கட்டும். அந்தப் பொண்ணை நினைச்சாத்தான் பயமா இருக்கு. ஒருத்தருக்காவது கேட்டுதேன்னு நம்பிட்டிருக்கா. கேட்டது நானில்ல, என் வீட்டுக் குமிழ்னு எப்படிச் சொல்றது? சொல்லாம மேடையேறி எப்படி நிக்கறது?”

நவமணி அலமாரிக்குப் போனாள். ‘கடைசி பஸ்’ஸை எடுத்தாள். குமிழை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினாள். மூன்றாவது பாட்டில் ஊசியை வைத்தாள்.

“வேகம் தப்பு, டீச்சர்.”

“தெரியும். உக்காருங்க.”

பாட்டு மெதுவாக வந்தது. நவமணி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில் ஒரு மூச்சு. உள்ளே போக வேண்டிய மூச்சு பாதியில் இடறி நின்று, பிறகு போயிற்று. அடுத்த வரியிலும் அப்படியே. நவமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் குமிழை நாற்பத்தைந்துக்கு மாற்றி, அதே பாட்டைப் போட்டாள்.

பாட்டு ஓடியது. வாகீசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் விரல் தானாகவே தொடையில் தாளம் போட்டது. திடீரென்று நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றது.

“எங்க நிறுத்தினீங்க?” என்று கேட்டாள் நவமணி.

“மூச்சு இடறுற இடத்துல.”

“இந்த ஸ்பீடுல இருக்கா?”

“இருக்கு. கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனா இருக்கு.” வாகீசன் கண்ணைத் திறந்தார். “அப்போ என் காது தப்பில்லையா, டீச்சர்?”

“காது சரிதான், சார். கைதான் தப்பு.”

வாகீசன் சிரித்தேவிட்டார். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்ததுபோல இருந்தது.

“சனிக்கிழமை என்ன சொல்லட்டும்?”

“எந்த ஸ்பீடுல கேட்டீங்கன்னு சொல்லுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. எல்லாம் இளசுகள். வாகீசன் ஜிப்பாவும் விபூதியுமாக மேடையேறியதும் கைதட்டினார்கள். வசுமதி மேடை ஓரத்தில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னைக் கேள்வி ஞானின்னு நம்பி இந்தப் பொண்ணு கூப்பிட்டிருக்கு” என்று தொடங்கினார் வாகீசன். “நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். நான் இந்தத் தட்டை முப்பத்து மூணுல கேட்டேன்.”

கூட்டம் ஒரு கணம் புரியாமல் இருந்தது. பிறகு யாரோ ஒருவர் வெடித்துச் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. விளம்ப காலம், ஆழ்ந்த சாரீரம் என்று விமர்சனத்திலிருந்த வார்த்தைகளை உரக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வாகீசனின் காது மடல் சிவந்துவிட்டது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. வசுமதியைத்தான் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவள் நடந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

“அதனாலதான் தொண்டை கட்டியிருக்கான்னு கேட்டு மிளகுப்பால் குடுத்தீங்களா, சார்?”

“ஆமாம்மா.”

அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை என்று டிரம்ஸ் வாசிக்கிறவன் பின்னால் சொன்னான்.

“யார் கண்ணுலயும் படாம வேகமா ஓடினேன்” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். “சார் மெதுவா வந்து பிடிச்சுட்டார்.”

டிரம்ஸ் பக்கம் திரும்பி, “ஜன்னல் சீட்டு. சார் கேட்ட வேகத்துல” என்றாள்.

அவர்கள் அதுவரை அப்படி வாசித்ததே இல்லை. தட்டுத் தடுமாறித் தொடங்கினார்கள். இரண்டாவது வரியில் வசுமதியின் மூச்சு இடறியது. இந்தத் தடவை அவள் அதை மறைக்கவில்லை. சிரித்த கூட்டம் கப்சிப்பென்று கேட்டது. பாட்டு முடிந்ததும் அதையே நாற்பத்தைந்தின் வேகத்தில் வாசித்தார்கள். அரங்கமே எழுந்து ஆடியது. வாகீசன் ஆடவில்லை, ஆனால் உட்காரவும் இல்லை.

கச்சேரி முடிந்து வாகீசனும் கூட வந்திருந்த நவமணியும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். வாகீசன் லேசாகிப் போயிருந்தார். ‘ஜன்னல் சீட்டு’ பாட்டை முணுமுணுத்தார். நடுவில் நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கணும், டீச்சர்.”

“கேளுங்க.”

“முதல்லயே சரியான ஸ்பீடுல கேட்டிருந்தா, நான் என்ன எழுதியிருப்பேன்?”

நவமணி பஸ் வருகிறதா என்று பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“நான் முதல் நாளே சரியான ஸ்பீடுல கேட்டேன், சார். ஒண்ணும் இல்லைன்னு எடுத்து அலமாரியில வச்சுட்டேன்.”