ஒரு சொம்பு சாம்பார்

"சாமி, உப்பை விட்டு ஆறு மாசம் ஆச்சு. பிரஷர் என்னை விடலையே!"

கேட்டவர் குஞ்சிதபாதம். மடத்து அன்னதானக் கூடத்தில் தினம் முந்நூறு இலைக்குச் சமைப்பவர். போன மாதம் அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, தானாகச் சரியானது. அடுத்த தடவை நாக்கே இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நாக்கு போனால் சமையல்காரரிடம் மீதி என்ன இருக்கும்? மனிதர் பயந்தே போயிருந்தார்.

மடத்தின் தலைவரான தேசிகர் அவரைவிட வயதில் சின்னவர்.

மறுநாள் காலை ஒரு சின்னக் காலிச் சொம்போடு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

குஞ்சிதபாதம் உள்ளங்கையில் கொஞ்சம் சாம்பார் விட்டு நக்கினார். தேசிகர் அதே அளவு சாம்பாரைச் சொம்பில் விட்டார்.

கூட்டு. ரசம். மறுபடி சாம்பார். உப்புப் போட்டு ஒரு தடவை, சந்தேகத்துக்கு இரண்டு தடவை. அவர் நக்க நக்க, இவர் விட்டுக்கொண்டே இருந்தார்.

மதியம், குஞ்சிதபாதத்தின் உப்பில்லாத மோர்சாதத்துக்குப் பக்கத்தில் தேசிகர் சொம்பை வைத்தார். கழுத்து வரை நிறைந்திருந்தது.

"இவ்வளவையும் யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

குஞ்சிதபாதம் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து தான் நக்கியது அத்தனையும்!

"ருசி பார்க்காம எப்படி சாமி இறக்கறது?"

"மாசிலாமணி பார்க்கலாமே. இருபது வருஷமா உங்க கூடத்தானே சமைக்கிறார்?"

"யாரையும் நம்ப முடியாது சாமி. பத்தொம்பது வருஷம் முன்னாடி, ஆடி அமாவாசை. பந்தி முடிஞ்சு போய்ப் பார்க்கறேன், ஒரு இலையில சாதம் அப்படியே கிடக்கு. தொட்டுட்டு ஒதுக்கியிருக்காங்க. உப்பு கூடிப்போச்சுன்னு அன்னிக்குப் பிடிச்ச பயம். தூக்கத்துலகூட அந்த இலைதான்."

"தூணுக்கு அடுத்த இலையா?"

குஞ்சிதபாதம் நிமிர்ந்தார். இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"சாமிக்கு எப்படித் தெரியும்?"

"அது என் இலை. அப்போ நான் இங்கே படிச்சிட்டிருந்தேன். அன்னிக்கு எனக்கு நல்ல காய்ச்சல். வாயெல்லாம் கசப்பு."

குஞ்சிதபாதம் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. பத்தொன்பது வருஷம்!

அடுப்பில் இரண்டாம் பந்திக்கு ரசம் நுரை கட்டியது. அவர் எழுந்து போய்க் கரண்டியால் மொண்டார். பழக்கத்தில் உள்ளங்கை தானாக விரிந்தது.

கையை மூடிக்கொண்டார்.

"மாசிலாமணி, இங்க வா. உப்பு சரியா இருக்கான்னு நீ பாரு."