பவளாவுக்குப் போட்ட பூஜ்யம்

அருளப்பன் சாருக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் கணக்கு வாத்தியார். அந்த வயதில் முனைவர் பட்டத்துக்குக் கிளம்பி, விளையாட்டு வழியில் மழலையருக்குப் பாடம் என்று ஆய்வுத் தலைப்பும் எடுத்து, எல்.கே.ஜி. டீச்சர் நாகவேணியிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு இருபத்தெட்டு வயது. முதல் நாளே, "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், நீங்கதான் சொல்லித் தரணும்" என்று மணல் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு!

அந்தத் தொட்டியைக் கண்டால் தாளாளருக்கு ஆகவே ஆகாது. ஏ பிரிவுப் பிள்ளைகள் நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகின்றன. நாகவேணியின் பி பிரிவோ நாள் முழுக்கக் கடை வைக்கிறது, வீடு கட்டுகிறது, சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறது.

"உங்க ஆராய்ச்சியில பி பிரிவு தோத்தா, தொட்டியை மூடி சிமெண்டு போட்டுடுவேன்" என்று அருளப்பனிடம் சொல்லிவிட்டார் தாளாளர்.

தேர்வு நடந்தது. பி பிரிவு தோற்றது.

மறுநாள் காலையில் தாள்களோடு வந்து நின்றார் அருளப்பன். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன கேட்டீங்க?" என்றாள் நாகவேணி.

"சின்னக் கணக்குதான் டீச்சர். தட்டுல அஞ்சு கடலை உருண்டை இருக்கு. ரெண்டு எடுத்தாச்சு. மீதி எத்தனை? ஏ பிரிவுல எல்லாரும் பட்டுப் பட்டுன்னு மூணுன்னாங்க. நம்ம பவளாகூட பதில் சொல்லல."

"வாயே திறக்கலையா?"

"திறந்தா... என்னமோ பேசினா. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல. பூஜ்யம் போட்டேன்."

"பதிவு பண்ணீங்கல்ல? போடுங்க, கேப்போம்."

அவர் செல்போனில் போட்டார். பவளாவின் கீச்சுக்குரல் வந்தது.

"யாரு எடுத்தா? கேக்காமயா எடுத்தாங்க? சரி, போனாப் போகுது. எனக்கு ஒண்ணு, சூசைக்கு ஒண்ணு, பாவம் உங்களுக்கு ஒண்ணு."

"இன்னொரு தடவை" என்றாள் நாகவேணி.

போட்டார்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் தடவையில் கணக்கு வாத்தியாரின் விரல்கள் தாமாக மடங்கின. ஒன்று. ஒன்று. ஒன்று. அடக் கடவுளே! மீதியைக் கண்டுபிடித்ததுமல்லாமல் அதைப் பங்கும் போட்டு, கேள்வி கேட்ட மனுஷனுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறது அந்த நாலு வயசு. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

"பூஜ்யத்தை அடிச்சிட்டு முழு மார்க் போட்டுடறேன் டீச்சர்."

"அடிக்காதீங்க."

"ஏன்?"

"அது நீங்க வாங்கின மார்க்கு சார். இருக்கட்டும். பக்கத்துல அவ சொன்னதை எழுதுங்க."

அன்று முழுக்க உட்கார்ந்து இருபத்திரண்டு பிள்ளைகளின் பேச்சையும் கேட்டார். ஒரு சொல் விடாமல் எழுதினார். பூஜ்யம் ஒன்றையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரையும் தாளாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். விளையாட்டு முறையால் பயனில்லை என்று அவரே தட்டச்சு செய்து ஒரு தாளைத் தயாராக வைத்திருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார். நாளைக்குப் பெற்றோர் கூட்டத்துல வாசிக்கணும்."

அருளப்பன் அந்தத் தாளை நகர்த்தி வைத்துவிட்டு, தான் எழுதியதை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"வாசிக்கணும்னா இதை வாசிங்க. ஒவ்வொரு பிள்ளை பேரும் போட்டிருக்கேன். அதோட அப்பா அம்மாவும் கேக்கட்டும்."

தாளாளர் இரண்டு பக்கம் புரட்டினார். முகம் சிவந்தது.

"இந்த அறிக்கையை உங்க பல்கலைக்கழகத்துல ஒத்துக்குவாங்களா? பட்டம் வேணாமா உங்களுக்கு?"

"வேணும். பொய் சொல்லி வேணாம்."

தாளாளர் நாகவேணி பக்கம் திரும்பினார். "எல்லாம் உன் வேலைதானேம்மா? மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைங்க பெரியவங்களையே எதிர்க்கேள்வி கேக்குது. இதைக் கத்துக் கொடுக்கத்தான் உன்னை வச்சிருக்கேனா?"

"நான் கத்துக் கொடுக்கல சார்" என்றாள் நாகவேணி. "ஏ பிரிவுப் பிள்ளைங்களும் சேரும்போது இப்படித்தான் கேட்டுக்கிட்டு வந்தாங்க. நான் என் பிள்ளைங்ககிட்ட இருந்து அதைப் பிடுங்கல. அவ்வளவுதான் நான் செஞ்சது."