அஞ்சனி போட்ட கூப்பாடு

ஏரிக்கரை இலுப்பை மரத்துக்கு அஞ்சனி என்ற காகம் சாயங்காலம் தவறாமல் வந்து உட்காரும். அங்கே அதற்குக் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. அடிமரத்தில் ஒரு பொந்து மட்டும் இருந்தது. இருட்டும்வரை அஞ்சனி அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

குஞ்சாக இருந்தபோது ஒரு புயலில் கூட்டோடு கீழே விழுந்த அஞ்சனி, தத்தித் தத்தி நுழைந்தது அந்தப் பொந்தில்தான். உள்ளே ஓர் ஆந்தைக் குஞ்சு! பகலில் காகங்கள் ஆந்தையைக் கொத்தும். இருட்டினால் ஆந்தை காகத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அதுதான் இரண்டு குலத்துக்கும் வழக்கம். ஆனால் அன்று இரண்டுக்கும் குளிர். ஒட்டிக்கொண்டு படுத்தன.

அப்புறம் தினமும் அந்தியில் சந்திப்புதான்.

“விடிஞ்சுதாடா, முட்டைக்கண்ணா?”

“உனக்குப் பொழுது அடைஞ்சாத்தானே எனக்கு விடியும், வாயாடி!”

அந்த நாலு வார்த்தைக்காகவே அஞ்சனி பகலெல்லாம் காத்திருக்கும். என்ன நாட்கள் அவை! பிறகு ஒரு கோடையில் ஏரி வற்றியது. ஆந்தைகள் மலைப்பக்கம் போய்விட்டன. வருடங்கள் ஓடின.

ஒரு நாள் உச்சி வெயிலில் அஞ்சனி தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது. பொந்துக்குள் இரண்டு வட்டக் கண்கள்!

“முட்டைக்கண்ணா! வந்துட்டியா?”

சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பருக்கை கிடைத்தாலும் உறவைக் கூப்பிடுகிற இனம் அல்லவா! வாய் தன்னால் திறந்துகொண்டது.

“கா! கா! கா!”

“ஐயோ, வாயை மூடுடி!” என்று பதறியது ஆந்தை.

அதற்குள் காகக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. “ஆந்தை! பகல்ல அதுக்குக் கண்ணு தெரியாது. கொத்துங்க!”

தன் கூப்பாடு செய்த வினை அஞ்சனிக்கு அப்போதுதான் புரிந்தது. பாய்ந்துபோய்ப் பொந்து வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டது.

“முதல்ல என்னைக் கொத்துங்க! அப்புறம் அவனைத் தொடலாம்!”

“பைத்தியமே! இருட்டினா உன்னையே தின்னுடுவான்!”

கொத்தின. இறகு பறந்தது. அஞ்சனி அசையவில்லை. சூரியன் சாய்ந்ததும் கூட்டம் பயந்து பறந்துபோயிற்று.

இருட்ட இருட்ட அஞ்சனிக்குப் பார்வை மங்கியது. பின்னால் ஆந்தை நகர்கிற சத்தம் கேட்டது. கூட்டம் சொன்னது நினைவுக்கு வந்து, அஞ்சனி இறகை ஒடுக்கிக்கொண்டது.

“பொழுது அடைஞ்சாச்சா, வாயாடி?”

பழைய குரல். பழைய கேலி. அஞ்சனிக்கு அழுகை வந்துவிட்டது.

“அடைஞ்சாச்சுடா.”

“அப்ப உள்ளே வந்து படு. வாசல்ல நான் இருக்கேன்.”

அஞ்சனி கண் விழித்தபோது விடிந்திருந்தது. கூசுகிற வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆந்தை இன்னும் வாசலிலேயே நின்றது. அஞ்சனிக்குத் தொண்டை வரைக்கும் ஒரு ‘கா’ எழும்பியது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, நண்பனை மெல்ல உள்ளே தள்ளிவிட்டது.

நண்பனுக்கு ஆபத்து என்றால், நெஞ்சு நிறைந்த மகிழ்ச்சியைக்கூட வாய்க்குள் அடக்கிக்கொள்வதே உண்மையான நட்பு.