முதல் பிச்சை

கஞ்சிச் சாமியின் மடத்தில் மேஜர் குலோத்துங்கன் வந்து சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் அவர் கூட்டாத தாழ்வாரம் இல்லை, கழுவாத அண்டா இல்லை. ராணுவத்தில் பழகிய உடம்பு, சொன்ன வேலையைச் செய்தது.

மடம் என்றால் மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம். வருகிறவர்களுக்கு ஒரு வேளை கஞ்சி. சாமிக்குத் தீட்சைப் பெயர் ஒன்று இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை, அவருக்கே இருந்ததோ என்னவோ.

வருகிறவர்களில் பாதிப் பேர் மேஜரைப் பார்க்கத்தான் வந்தார்கள். பனிமலைச் சண்டையில் தனியாளாக ஊர்ந்து போய் எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை அடக்கியவர், அதற்காகப் பதக்கம் வாங்கியவர். கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். துடைப்பமும் கையுமாக நிற்கிற வீரர் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? மேஜரும் முகம் கோணாமல் நிற்பார்.

ஒருநாள் காலை, கஞ்சியை இறக்கி வைத்ததும் அவர் சாமியின் முன்னால் போய் நின்றார்.

"சாமி, எனக்குக் காவி குடுக்கணும்."

"எதுக்கு?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன். வீட்டைத் தம்பிக்கு எழுதிக் குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

மடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பதக்கத்தை எடுத்துச் சாமியின் காலடியில் வைத்தார். சாமி ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தார். சாமி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்த எடுத்து மடியில வை. இந்த மடத்து வழக்கம் தெரியுமில்ல?"

"தெரியும். முதல் பிச்சையைப் பெத்தவ கையால வாங்கணும். எங்கம்மா போய்ப் பத்து வருஷம் ஆயிடுச்சே, சாமி."

"சண்டைக்குப் போனவன்தானே நீ? செத்துப்போக வேண்டிய எடத்துல எவனாவது உன்னக் காப்பாத்தியிருப்பான். அவனப் பெத்தவ கையால வாங்கிட்டு வா. அவளும் உனக்குத் தாயிதான்."

சாமி இதை வெகு சாதாரணமாகத்தான் சொன்னார். மேஜர் பதக்கத்தை எடுத்துத் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்படி ஒரு தாய் இருந்தாள். இரண்டு பஸ் மாறினால் அவள் ஊர். இருபத்தாறு வருடமாக அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மடத்துத் திருவோட்டோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அந்தப் பாறை கண்முன்னால் வந்து நின்றது. அப்போது அவர் கேப்டன். மேலேயிருந்து இயந்திரத் துப்பாக்கி சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. பாறைக்குப் பின்னால் அவரும், வயர்லெஸ் பெட்டி சுமந்த சிப்பாய் ஏகாம்பரமும். யாராவது ஒருவர் ஏறிப் போக வேண்டும். போக வேண்டியவர் அவர்தான். கால் அசையவில்லை. ஏகாம்பரம் அவர் முகத்தைப் பார்த்தான். பெட்டியைக் கழற்றி வைத்தான், இரண்டு கையெறி குண்டுகளை எடுத்துக்கொண்டான், போனான்.

மேலே சத்தம் அடங்கிய பிறகுதான் அவர் ஏறினார். துப்பாக்கி சிதறிக் கிடந்தது. ஏகாம்பரத்தைக் காணவில்லை. பின்னால் வந்த கர்னல் அவரைக் கட்டிப்பிடித்து, "சாதிச்சுட்டேடா!" என்று கத்தினார். அவர் இல்லையென்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரத்தின் உடல் கீழே பள்ளத்தில் கிடைத்தது. வயர்லெஸ் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போவது சிப்பாய்க்குப் பெரிய குற்றம். விசாரணையில் கேட்டார்கள்: "பாறைக்குப் பின்னால் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனது யார்?"

"ஏகாம்பரம்" என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் இதைச் சொல்லித்தான் அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான், பள்ளத்தில் விழுந்து செத்தான் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. இவர் சட்டையில் பதக்கம் ஏறியது.

இன்று சொல்லிவிட வேண்டும். பதக்கத்தை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். மேஜர் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து விதைக்காக வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவரை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. பேப்பரில் பார்த்த முகம். பதறி எழுந்தாள்.

"ஐயோ, நீங்களா? எங்க ஊட்டுக்கா? குந்துங்க ஐயா, குந்துங்க."

மேஜர் உட்கார்ந்தார். பேசுவதற்குப் பதில் மடியிலிருந்து பதக்கத்தை எடுத்து நீட்டினார்.

"இதானா அது?" என்றாள் பச்சையம்மாள்.

கடலைத் தூசி படிந்த இரண்டு கைகளையும் முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். போதாது என்று தண்ணீர் மொண்டு கழுவித் திரும்பவும் துடைத்தாள். பிறகு பதக்கத்தை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"தொட்டுப் பாக்கவாவது குடுத்து வெச்சிருக்கே எனக்கு."

"அம்மா, நான் வந்தது..."

"தெரியும் ஐயா. ஏகாம்பரத்தப் பத்தி நானே உங்களாண்ட வந்து கேக்கணும்னு இருந்தேன். சண்டையில செத்தவங்க பேரெல்லாம் ஊருல கல்லு வெச்சு எழுதினாங்க. எம்மவன் பேர எழுதல. பொட்டியப் போட்டுட்டு ஓடினவன் பேர எப்பிடி எழுதுவாங்க? நான் ஒருத்தரையும் கேக்கல. எங்க ஊட்டுக்காரரு அந்த வருசமே வெளியில தல காட்டாம கெடந்து போயிட்டாரு."

மேஜர் தரையைப் பார்த்தார்.

"சின்னப் பையன் ஐயா. பயந்துட்டான். நீங்க முன்னாடி போயும் அவன் உங்களாண்ட நிக்கல. அவன மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மேஜர் வாயைத் திறந்தார்.

"மன்னிச்சுட்டேன்மா."

பச்சையம்மாள் ஓவென்று அழுதாள். அழுது முடித்து, உள்ளே போய்க் களி கொண்டுவந்து அவர் நீட்டிய திருவோட்டில் போட்டாள். வழியில் கொறிக்க ஒரு கை வேர்க்கடலையும் வைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் மேஜர் மடத்துக்குத் திரும்பிவிட்டார். திருவோட்டைச் சாமியின் முன்னால் வைத்தார். முதல் பிச்சையில் முதல் கவளம் குருவுக்கு. அதுவும் அந்த மடத்து வழக்கம்.

சாமி கை வைக்கவில்லை.

"யாரு வூட்டுச் சோறு?"

"சாமி, அன்னைக்கு ஊர்ந்து போனது நான் இல்ல."

பாறை, பெட்டி, கர்னல், விசாரணை, எல்லாவற்றையும் சொன்னார். இருபத்தாறு வருடம் அடைத்துக் கிடந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. சொன்னதும் நெஞ்சு லேசானதுபோல இருந்தது.

"அவளாண்ட சொன்னியா?"

"இல்ல சாமி."

"ஏன்?"

"வயசாயிடுச்சு. இப்பப் போய்ச் சொன்னா அவங்களால தாங்க முடியாது."

"அவளாலயா?"

மேஜர் திருவோட்டைச் சாமியின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"அவ என்னா கேட்டா?"

"மகனை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க."

"நீ?"

"சொல்லிட்டு வந்தேன்."

சாமி எழுந்தார். உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் மடித்த காவி வேட்டி இருந்தது. மேஜருக்குக் கண் கலங்கியது. சொன்னதைக் கேட்டு சாமி தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தார். இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"இந்தா, கட்டிக்க" என்றார் சாமி. "உனக்குச் சேராதத எடுத்துப் போட்டுக்கறது உனக்குப் புதுசா என்னா?"

ஏந்திய கைகள் ஏந்தியபடியே நின்றன. காவி இன்னும் சாமியின் கையில்தான் இருந்தது. கீழே களி ஆறிக்கொண்டிருந்தது.